படகு வண்டிக்குப் பட்டை மாற்றிய கோடை

போன மாதம் முட்டிவலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசாச்சுல்லம்மா, புஷ் தேஞ்சு போச்சு. வண்டியில தேயுற மாதிரிதான்" என்றார் அவர். என் மகன் வயதுகூட இருக்காது. எனக்கு விளங்கட்டும் என்று அப்படிச் சொல்லியிருப்பார். உங்களில் பாதிப் பேருக்கு இதையே வேறு வேறு டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள். நம் வயதில் படிக்கட்டைப் பார்த்தாலே கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முட்டி மறந்துபோனது. எங்கள் வீட்டுப் புங்கமரத்தடியில் மாதக்கணக்கில் கிடந்த படகும், அதைச் சுமந்துவந்த இரண்டு சக்கர வண்டியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

விருத்தாசலத்தில் எதற்குப் படகு என்று கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்டோம். மணிமுத்தாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். நாங்கள் இருந்தது பீங்கான் பேட்டைக்குப் பின்னால். காயப்போட்ட துணியை உதறினால் வெள்ளைத் தூள் பறக்கும். தெருவோரம் உடைந்த கோப்பைகளும் வாய் கோணிய ஜாடிகளும் குவியல் குவியலாகக் கிடக்கும். மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான் குமிழ்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அப்பா சூளையைப் பார்த்துக்கொண்டார். அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் பொம்மைச் சூளையில் பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் எழுதப் போவாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நாங்கள் சூளைக்காரர் என்றே சொல்வோம். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு காலை, வாசலில் இரும்பு தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு ஜீப். அதன் பின்னால் ஒரு வண்டி. வண்டியின் மேல், எங்கள் தெருவின் பாதி நீளத்துக்கு இருப்பதுபோல எனக்குத் தோன்றிய ஒரு மரப் படகு. கறுப்பு வயிறு, பச்சை விளிம்பு. தாரும் உப்பும் பழைய மீனும் கலந்த வாசனை. கடலை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்று அது வீட்டு வாசலுக்கு வந்து நின்றதுபோல இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியவர்களும் அப்படித்தான் நின்றார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் உயரமானவர், வெயிலில் வெந்த முகம். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கடலூர்லேர்ந்து இழுத்துக்கிட்டு வரேன் சார். திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரியில மீன் குத்தகை எடுத்திருக்கேன். நெய்வேலி தாண்டுனதுலேர்ந்து ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே வருது. இதுக்கு மேல இழுத்தா சக்கரமே கயண்டுடும். இப்புடி ஓரமா வுட்டுட்டுப் போறேங்க. பட்டை வாங்கிக்கிட்டு பொங்கலுக்குள்ள வந்துடறேன்."

அப்பா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கமான் பட்டை என்பார்கள். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இடது பக்கத்து அடுக்கில் விரிசல் விட்டு, வளைவே போய், தட்டையாகக் கிடந்தது. அதன் நுனி வளையத்துக்குள் இருக்கிற, புஷ் என்கிற உள்வளையம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தது.

"சரி, விட்டுட்டுப் போங்க" என்றார் அப்பா.

பொங்கல் வந்தது, படகுக்காரர் வரவில்லை. மாசி மகத்துக்குத் தேர் ஓடியது, அப்போதும் வரவில்லை.

எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை. ஸ்கூல் விட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் படகுக்குள்தான். சூளையில் கழித்துப் போட்ட பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து குறுக்குப் பலகையில் வரிசையாக உட்கார வைப்போம். கண் எழுதாத, மூக்கு நொறுங்கிய வெள்ளைப் பொம்மைகள். அவர்கள்தான் பயணிகள். சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் பெண்ணாடத்துக்கும் அவர்களைக் கொண்டுபோய் இறக்குவோம். மத்தியான வெயிலில் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நான் மட்டும் படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொள்வேன். காதைப் பலகையில் வைத்தால் உள்ளே ஏதோ முனகுவதுபோல இருக்கும். மரம் காய்ந்து சுருங்குகிற சத்தம் அது என்று இப்போது தெரிகிறது. படகு தூக்கத்தில் பேசுகிறது என்று அப்போது நம்பினேன்.

பெரியவர்கள் வேறு ஒன்றை நம்பினார்கள்.

"ஓடிப் போயிருப்பான் சார்" என்றார் சூளைக்காரர் ஒருநாள், மதிலில் கை ஊன்றிக்கொண்டு. "குத்தகை அது இதுன்னு சொல்லிட்டு எங்க கடன் வாங்கி எங்க மாட்டுனானோ. வண்டி சும்மாதான கெடக்குது. களிமண்ணு அள்ள எடுத்துக்கறேன். அவன் வந்தா குடுத்துடலாம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் விளங்குகிறது. படகுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்ற கோபம் அவருக்குள் இருந்தது. கோபம் இருக்கும்போது அடுத்தவர் பொருள் லேசாகிவிடுகிறது.

சூளையிலிருந்து ஆள்களைக் கூட்டிவந்து படகை இறக்கி, புங்கமரத்தடியில் வைக்கோல் மேல் வைத்தார்கள். அத்தனை ஆம்பிளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சூளைக்காரரின் ஜீப் இழுக்க, வண்டி களிமண் சுமந்தது. ஈரக் களிமண்ணின் கனம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் குவியலாக ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு முனையில் திரும்பும்போது வெடி போட்டதுபோல ஒரு சத்தம். நல்லதாக இருந்த வலது பக்கத்துப் பெரிய பட்டை இரண்டாக உடைந்திருந்தது. மண்ணைக் கொட்டிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு வந்து படகுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா, விரல் நுனியில் கறுப்புச் சாயம் காயாமல், வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"வந்தா பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

வந்தது அவர் இல்லை. பங்குனி வெயிலில், பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு ஒரு பெண் எங்கள் தெருவுக்குள் வந்தாள். மூட்டையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அம்மாவைவிடச் சின்ன வயது. படகைப் பார்த்ததும் நின்றாள். மூட்டையை இறக்காமலேயே போய் அதன் விளிம்பில் கை வைத்தாள். நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தேன்.

"இது எங்க வூட்டுப் படகு பாப்பா" என்றாள். "அம்மா இருக்காங்களா?"

மூட்டை கீழே இறங்கியபோது தரை அதிர்ந்தது. உள்ளே கமான் பட்டைகள். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். படகுக்காரரின் மனைவி அவள். குடித்து முடித்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டபடி அப்பா கதவோரம் நின்றார்.

படகை எங்கள் வாசலில் விட்டுவிட்டு ஊருக்குப் போன அந்த வாரமே படகுக்காரர் பக்கவாதம் வந்து ஏரிக்கரையில் விழுந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் கோணிவிட்டது.

"பேச்சு வரலக்கா. பீங்கான் பீங்கான்னு அது ஒண்ண மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. டீ கேக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு பீங்கான் கப்புல ஊத்தி ஊத்திக் குடுத்தோம். குடிச்சுட்டு அழுவாரு. மாசி பொறந்த பெறவுதான் 'படகு'ன்னு ஒரு சொல்லு சேந்து வந்துது. அப்பத்தான் எங்களுக்கு வெளங்குனுது. பீங்கான் பேட்டையில வந்து படகு எங்க நிக்குதுன்னு கேட்டேன். சின்னப் புள்ளைங்க கூட கை காட்டுதுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆனி வரைக்கும்தான் குத்தகை. ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. வலையும் ஆளும் தயாராக இருந்தும், நடு ஏரிக்குப் போகப் படகு இல்லை. வைத்தியத்துக்கு நகை போய்விட்டது. இந்தப் பருவத்தில் மீன் எடுக்காவிட்டால் வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து வண்டியிடம் போனாள்.

இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். வலது பக்கம் வந்து குனிந்தவள் அப்படியே நின்றாள். உடைந்த இடத்தில் இரும்பு இன்னும் துருப்பிடிக்காமல் மினுங்கியது.

"இது புது ஒடசலா இருக்குதே."

மதிலுக்கு அந்தப் பக்கம் சூளைக்காரர் வந்து நின்றிருந்தார். தெரிந்த கேள்விக்கு ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"களிமண்ணு ஏத்துனாங்க. டமார்னு ஒடஞ்சுது" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள், ஆனால் கிள்ளவில்லை. அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"நெசந்தாம்மா. நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சுட்டோம். நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள். "ஒரு பக்கத்துக்குத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றாள். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. சூளைக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். தப்பித்துப் போகிறார் என்றே நினைத்தோம். பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். ஜீப்பின் பின்னால் ஒரு செட் கமான் பட்டை கிடந்தது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடி எடுத்தாராம். சட்டையெல்லாம் கிரீஸ்.

"அளவு ஒத்து வருமான்னு பாருங்க" என்றார் அவளிடம். அவர் ஒரு பெண்ணிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது.

சூளைச் செங்கல்லை அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றியதும் அது கால் மடக்கிய மாடு போல இருந்தது. பட்டை அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த வளைவு போல்ட்டுகள் உப்பில் தின்னப்பட்டு ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. அப்பா மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். சூளைக்காரர் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினார். அசையவில்லை. அவள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். புடவையைக் கால்களுக்கு நடுவில் இழுத்துச் சொருகியிருந்தாள். அடியிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. அப்புறம், "இப்பத் திருப்புங்கண்ணே" என்றாள். கிறீச்சென்று நட்டு ஒரு சுற்று வந்தது. சூளைக்காரர் குழாயோடு சேர்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். அவளுடைய முகம் முழுக்கத் துருவும் மண்ணெண்ணெயும். அதற்கு நடுவில் பல் தெரியச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

இடது பக்கம் சரியாகப் பொருந்தியது. வலது பக்கத்தில் சிக்கல். பட்டையின் நுனி வளையம் பெரியது, அதற்குள் போகிற கம்பி சின்னது. நடுவில் புஷ் வேண்டும். அந்த அளவில் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை.

"நான் பண்றேன்" என்றார் அப்பா. "பீங்கான்ல."

அவள் தயங்கினாள். "குலுங்குனா தாங்குமாங்க?"

"கம்பத்து மேல இருக்கறதெல்லாம் என்னா? இதுதான. மின்னலையே தாங்குதும்மா."

அப்பாவின் முகத்தில் அப்படி ஓர் ஒளி. செய்த தப்புக்குத் தன் கையாலேயே ஈடு கட்ட ஒரு வழி கிடைத்துவிட்டது என்கிற ஒளி. சூட்டில் களிமண் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்தாற்போலப் பெரிதாக வார்த்தார். கம்பெனியில் சொல்லிவிட்டு, குமிழ்களோடு சேர்த்து இதையும் சூளையில் வைத்தார். சூளை திறந்த அன்று என்னையும் அவளையும் கூட்டிப்போனார். கதவுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, உள்ளேயிருந்து அனல் எங்கள் முகத்தில் வந்து மோதியது. அந்த இருட்டுக்குள் வரிசை வரிசையாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மண்ணாகப் போனது நெருப்புக்குள் இருந்து நிலா மாதிரி வந்திருந்தது. அப்பா துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு வளையங்களை எடுத்தார். ஆறிய பிறகு ஒன்றோடு ஒன்று தட்டினார். கோயில் மணியின் நாக்கு பட்டதுபோல நின்று ஒலித்தது.

"சங்கு மாதிரி இருக்குதுங்க" என்றாள் அவள். உண்மையாகவே வியந்துதான் சொன்னாள்.

வளையங்கள் கச்சிதமாகப் பொருந்தின. செங்கல்லை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கியதும் அப்பா அதன் ஓரத்தில் ஏறி நின்று குதித்தார். வண்டி தாழ்ந்து, மெல்ல எழுந்து, நின்றது. உயிர் உள்ள ஏதோ ஒன்று மூச்சு விட்டதுபோல இருந்தது எனக்கு. திரும்பவும் சூளை ஆள்கள் வந்து படகைத் தூக்கி ஏற்றினார்கள். பொம்மைகளை நான் இறக்கிவிட்டேன். புல்லில் படகின் வடிவத்துக்கு ஒரு வெளுத்த தடம் மட்டும் மிஞ்சியது.

"நீங்களே கூடப் போயி, அவரப் பாத்துட்டு வாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கும் இடம் கிடைத்தது. சூளைக்காரர் ஜீப்பை ஓட்ட, அப்பா முன்னால். அவளும் நானும் பின்னால், படகைப் பார்த்தபடி.

ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் வரிசையாகத் திரும்பின. வயலுக்கு நடுவில் ஒரு படகு போவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? அவள் எதையும் பார்க்கவில்லை. வலது சக்கரத்திலேயே கண் வைத்திருந்தாள்.

பெண்ணாடத்து ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. வீட்டுக்குள் யாரோ ஒரு கோப்பையைக் கீழே போட்டதுபோல. வண்டி ஒரு பக்கம் இறங்கியது.

"நிறுத்துங்கண்ணே" என்றாள்.

அப்பா இறங்கிப் போய்க் குனிந்தார். பட்டையின் வளையத்திலிருந்து வெள்ளைச் சில்லும் பொடியும் உதிர்ந்துகொண்டிருந்தன. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அவ்வளவு சின்னவராக அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்பவே நீங்க கேட்டீங்க" என்றார்.

"நல்லாத்தான் சார் பண்ணுனீங்க. ரோடுதான் சரியில்ல" என்றாள் அவள். சொல்லிவிட்டு நாலாபக்கமும் பார்த்தாள்.

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் ரோட்டோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையில் நின்றிருந்தன. காய்ச்சுகிற கரும்பின் புகை வாசனை ஊர் முழுக்க. அவள் நேராக ஒரு வண்டிக்காரரிடம் போனாள். முதியவர், தலையில் துண்டு.

"பெரியப்பா, கருவேலங் கட்டை ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? இம்மாம் மொத்தம் இருந்தா போதும்."

"எதுக்கும்மா?"

அவள் படகைக் காட்டினாள். அவர் வண்டியை விட்டு இறங்கி, மாட்டின் கழுத்தைத் தட்டி நிற்கச் சொல்லிவிட்டு, படகை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் பின்னால் இன்னும் பத்து வண்டிக்காரர்கள். ஆலை எப்போது கூப்பிடும் என்று காத்துக் காத்துச் சலித்துப்போனவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒருவர் உடைந்த முளைக்குச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். காய்ந்து இரும்பாகிவிட்ட கருவேலம். அவள் அளவு காட்டினாள். ஒருவர் கரும்பு வெட்டுகிற கத்தியால் செதுக்கினார். ஒருவர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் துளை போட்டார். மரம் கருகுகிற புகை வந்தது. அப்பாவும் சும்மா நிற்கவில்லை. உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் உட்பக்கத்தைச் சுரண்டி வழவழப்பாக்கினார். முதியவர் தன் வண்டியின் அச்சுக்குப் போடுகிற மையை அள்ளி அப்பினார். பத்துப் பேர் தோள் கொடுத்துப் படகோடு வண்டியின் வலது பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடிக்க, அவள் மரத்தை உள்ளே தட்டி இறக்கினாள்.

"நடக்கும் போ" என்றார் முதியவர். எனக்கு ஒரு கரும்புக் கழி ஒடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் ரோட்டின் நடுவில் நின்று நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நண்பர்களே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ தண்ணீரைப் பார்த்துவிட்டேன். கடலையும் பார்த்துவிட்டேன். ஆனால் ஜீப் கரை மேட்டில் ஏறி நின்றதும் நான் பார்த்ததைப் போல எதையும் பார்க்கவில்லை. கோடையில் வற்றிய ஏரிதான், ஓரமெல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. ஆனாலும் அக்கரை என்று ஒன்று எனக்குத் தெரியவில்லை. வானம் வந்து தரையில் படுத்துக்கொண்டதுபோல இருந்தது. வாயில் இருந்த கரும்பைக் கடிக்க மறந்துவிட்டேன்.

கரையில் ஒரு நாற்காலியில் படகுக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். மார்கழியில் வந்த உயரமான மனிதர் எங்கே என்று தேடினேன். சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார். அப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

"பட்டை ஒடஞ்சது எங்களாலதாங்க. நீங்க வர மாட்டீங்கன்னு…" என்று இழுத்தார்.

படகுக்காரர் ஏதோ சொன்னார். குழறலாக இருந்தது. மனைவி குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நெழல்ல வச்சிருந்தீங்களான்னு கேக்குறாரு."

"புங்கமரத்தடியில" என்றார் அப்பா. "முழுக்க நெழல்தான்."

அவர் தலையை ஆட்டினார். இடது கையை நீட்டி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

ஜீப்பைப் பின்னோக்கி ஓட்டி வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சக்கரம் முழுகியது, பட்டை முழுகியது. பதினைந்து ஆள் பல்லைக் கடித்துத் தூக்கிய அந்தப் படகு, யாரும் தொடாமல், ஒரு சத்தம் இல்லாமல், தானாக எழுந்து மிதந்தது. அடுத்த நிமிடமே பலகை இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் பொங்கி வந்தது. படகு தாழ்ந்தது. அவளும் அவள் தம்பிமார்களும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை விளிம்பு வரை முழுகி, தரை தட்டி உட்கார்ந்துவிட்டது.

"ஐயோ, முழுவுதே" என்று அப்பா செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"குடிக்கட்டும் சார்" என்றாள் அவள். "காஞ்சு கெடந்துச்சில்ல. பலகை தண்ணி குடிச்சு ஊதுனாத்தான் இடுக்கு மூடும். நாளைக்குக் காலையில பாருங்க."

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். அந்தப் பருவத்தில் அவள் தம்பிமார்களை வைத்துக்கொண்டு ஆனி வரை மீன் எடுத்தாள். குத்தகையை அடுத்த வருடமும் எடுத்தாள், அதற்கு அடுத்தும். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கெண்டை மீன், ஓலைக்கூடையில் ஈரத்தோடு அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு வரும். படகுக்காரர் இன்னும் பல வருடம் இருந்தார். அந்தப் படகும் வண்டியும் பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. நானும் கல்யாணமாகி வேறு ஊர் வந்துவிட்டேன்.

நான் சொல்ல நினைத்தது மறுநாள் காலையைப் பற்றித்தான்.

வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். தம்பிமார்கள் தகர டின்னால் படகிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். இறைக்க இறைக்கப் படகு சேற்றிலிருந்து விடுபட்டு எழுந்தது. இப்போது ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. உலர்ந்து பிளந்து கிடந்த பலகைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

நாற்காலியில் இருந்தவர் இடது கையை நீட்டினார். படகைக் காட்டினார். மனைவியும் தம்பிமார்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரை நாற்காலியோடு தூக்கிப் போய்ப் படகின் பின்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நீளத் துடுப்பு ஒன்றைப் பின்விளிம்பில் வெட்டியிருந்த பள்ளத்தில் பொருத்தி, அதன் பிடியை அவருடைய இடது கையில் கொடுத்தார்கள். ஒரு தம்பி கூட ஏறப் போனான். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

"தனியாவா?" என்றார் அப்பா. "கை கால் வராதவர விடலாமா?"

"விடுங்க சார்" என்றாள் அவள். "கரையிலதான் அவருக்கு நடக்க வராது."

அவர் துடுப்பை மீன் வாலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். ஒரு கை, ஒரே ஒரு துடுப்பு. படகு முதலில் தயங்கி, மூக்கைத் திருப்பி, பின் நேராகப் போக ஆரம்பித்தது. கோணிய வாயும் தொங்கிய தோளும் கரையிலிருந்து தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. படகின் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, விரிந்துகொண்டே போனது. அந்த அலை எங்கள் காலில் வந்து பட்டபோது அவர் வெகுதூரம் போயிருந்தார்.

சூளைக்காரர் பீடியைப் பற்றவைக்காமலே விரலில் வைத்திருந்தார். அப்பா முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துப் பிடித்தபடி நின்றார். படகு ஒரு கொக்கு அளவுக்குச் சிறுத்தது, பிறகு ஒரு புள்ளி. யாருக்கும் கரையை விட்டு வர மனமில்லை.

அவள்தான் முதலில் திரும்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"வாங்க, சாப்புடலாம்" என்றாள். "அவரு இப்ப வர மாட்டாரு."